பத்துத் தலையும் ஒரு வீணையும்: வாசகர் கேள்வி-பதில்

சென்ற இதழில் விபீஷணனைப் பற்றி ஒரு வாசகர் கேட்டதற்குப் பதில் எழுதினேன். அதில் இராவணனைப் பற்றி நாலு வரிதான் வந்தது. அந்த நாலு வரிக்கு யாங்கோனிலிருந்தும் தாட்டோன், மோல்மீன், பெகு பக்கங்களிலிருந்தும் வந்த கடிதங்களைப் பார்த்ததும், இந்தத் தடவை பக்கம் முழுவதையும் அவனுக்கே கொடுங்கள் என்று ஆசிரியரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கல்லூரி மாணவி, யாங்கோன்: சயாமா, என்னோடு படிக்கும் பர்மியத் தோழி ராமாயண ஆட்டம் பார்த்துவிட்டு வந்து "தத்தகிரி பாவம்" என்கிறாள். எங்கள் வீட்டில் இராவணன் பெயரை எடுத்தாலே "வாயைக் கழுவு" என்பார் ஆயா. இரண்டில் எது சரி?

உன் தோழி பார்த்தது யாமா ஸாட். நம்முடைய இராமன் அங்கே யாமா, இராவணன் தத்தகிரி. 1767இல் சின்பியூஷின் மன்னரின் படை சயாமின் அயுத்தயா நகரைப் பிடித்தது. அப்போது ஆட்டக்காரர்களையும் பாட்டுக்காரர்களையும் இங்கே கொண்டுவந்தார்கள், அவர்களோடு இந்த ஆட்டமும் வந்தது. பின்னால் மியவதி மின்ஜி ஊ சா போன்ற அரண்மனைக் கலைஞர்கள் அதைப் பர்மியப் பாட்டும் வசனமுமாக ஆக்கினார்கள்.

விடிய விடிய நடக்கும் ப்வெ என்ற பர்மியக் கூத்தில் நான் பார்த்த தத்தகிரி இன்னும் கண்ணில் நிற்கிறான். பெரிய முகம் ஒன்று, மகுடத்தில் அடுக்கடுக்காகச் சின்ன முகங்கள். நடிகர் அந்த முகமூடியைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் மாட்டிக்கொண்டார். மிதிலை வில்லை எடுக்க தத்தகிரி வருகிறான், முயல்கிறான், முடியவில்லை, திரும்புகிறான். வரும்போது மேடைப் பலகை அதிர வந்த கால்கள், போகும்போது குதிகால் தரையில் படாமல் போயின. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பர்மிய அம்மா தனாக்கா பூசிய கன்னத்தில் கை வைத்துக்கொண்டு "ச்சு" என்றார். உன் தோழி சொன்ன பாவம் அதுதான்.

இது பர்மியர்கள் கண்டுபிடித்த இரக்கம் என்று நினைத்துவிடாதே. சுந்தர காண்டத்தில் அனுமன் கட்டுண்டு இராவணன் சபையில் நிற்கிறான். அவனைப் பார்த்ததும் அனுமன் மனத்தில் எழுவதாக வால்மீகி சொல்வது இது: என்ன அழகு, என்ன தைரியம், என்ன ஒளி! இவனிடம் அதர்மம் மட்டும் இத்தனை இல்லாதிருந்தால், இந்திரன் உட்பட தேவலோகத்துக்கே இவன் காவலனாக இருந்திருப்பான்! இன்னும் சற்று நேரத்தில் தன் வாலில் தீ வைக்கப் போகிறவர்கள் நடுவே நின்றுகொண்டு அனுமன் இப்படி நினைக்கிறான். உன் ஆயா சொல்வதும் உன் தோழி சொல்வதும் அந்த ஒரே நினைப்புக்குள் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள், அம்மா. ஒன்றைத் தூக்கிப் போட்டால் கதை பாதியாகிவிடும்.

வாசகர், பெகு: இராவணன் சீதையைக் கடைசிவரை தொடவே இல்லை. அந்தக் கண்ணியத்துக்காகவாவது அவனை மதிக்க வேண்டாமா டீச்சர்? போனில் பார்க்கிற பேச்சுகளில் எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள்.

தம்பி, இந்தப் பேச்சை நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்கு இதில் துளியும் ஒப்புதல் இல்லை. மூலத்தில் இருப்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், வால்மீகி ராமாயணத்தில் அவன் தொடாமல் தூக்கவில்லை. இடக்கையால் சீதையின் கூந்தலைப் பிடித்து, வலக்கையைத் தொடைகளுக்குக் கீழே கொடுத்துத் தூக்கினான் என்று எழுதியிருக்கிறது. கம்பன்தான் அதை மாற்றினான். பர்ணசாலையோடு நிலத்தைப் பெயர்த்துக்கொண்டு போனதாகப் பாடினான். ஆனால் காரணத்தைக் கம்பன் ஒளிக்கவில்லை. "தீயவன் ஆயிழையைத் தீண்டான், அயன் மேல் உரை சிந்தை செயா" என்கிறான். பிரமன் முன்பு சொன்னது ஞாபகத்துக்கு வந்தது, அதனால் தீண்டவில்லை. அவ்வளவுதான்.

பிரமன் என்ன சொன்னான்? யுத்த காண்டத்தில் இராவணனே தன் வாயால் மகாபார்சுவனிடம் சொல்கிறான். புஞ்சிகஸ்தலை என்ற அப்சரஸை அவன் பலவந்தம் செய்தான். அவள் பிரமனிடம் போய் நின்றாள். இனி விருப்பமில்லாத பெண்ணைத் தொட்டால் உன் தலை நூறு துண்டாகச் சிதறும் என்று பிரமன் சபித்தான். உத்தர காண்டத்தில் இன்னொரு கதை. குபேரன் மகன் நளகூபரனிடம் போய்க்கொண்டிருந்த ரம்பையை வழிமறிக்கிறான். "நான் உங்களுக்கு மருமகள் முறை" என்று அவள் கைகூப்பிக் கெஞ்சுகிறாள். கேட்கவில்லை. நளகூபரனும் சபிக்கிறான். அதற்கும் முன்னால் வேதவதி. காட்டில் தவம் செய்துகொண்டிருந்த பெண். அவள் கூந்தலை எட்டிப் பிடித்தான். அவன் பிடித்த கூந்தலை அறுத்து எறிந்துவிட்டு அவள் தீயில் இறங்கினாள்.

இத்தனை பெண்களுக்குப் பிறகு, தலை வெடிக்கும் என்று இரண்டு சாபம் தலைமேல் நிற்கும்போது, அவன் கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். அதைக் கண்ணியம் என்பதா? அசோகவனத்திலும் சும்மா இருக்கவில்லை. 12 மாதம் கெடு வைத்து, அதற்குள் இணங்காவிட்டால் என் காலைச் சாப்பாட்டுக்குச் சமையல்காரர்கள் உன்னை வெட்டுவார்கள் என்று சொன்னவன் அவன்.

அவன் வீட்டிலேயே இதைக் கேட்க ஆள் இருந்தது. கும்பகர்ணன் மந்திராலோசனையில் அண்ணன் முகத்துக்கு நேராகச் சொல்வதைப் பாருங்கள்:

ஆசில் பரதாரம் அவை அஞ்சிறை அடைப்பேம்;
மாசில் புகழ் காதலுறுவேம்; வளமை கூரப்
பேசுவது மானம்; இடை பேணுவது காமம்;
கூசுவது மானுடரை, நன்று நம கொற்றம்!

குற்றமில்லாத அடுத்தவன் மனைவியைச் சிறையில் அடைப்போம், ஆனால் குற்றமில்லாத புகழும் நமக்கு வேண்டும். வாயில் மானம், உள்ளே காமம். நன்றாயிருக்கிறது நம் ஆட்சி! அண்ணனுக்காக உயிரையே கொடுத்தவன் சொன்னது இது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சிவபெருமான் மனமிரங்கித் தந்த தெய்வ வாளை அவன் யார்மேல் வீசினான்? சீதையின் அழுகுரல் கேட்டு ஓடிவந்த கிழப் பறவை ஜடாயுவின்மேல். வேறு எந்த ஆயுதமும் அந்தக் கிழவனிடம் பலிக்காமல் போன பிறகு அதை உருவினான்.

அவனிடம் மதிக்க நிறைய இருக்கிறது, இந்தப் பக்கத்திலேயே சொல்லப் போகிறேன். ஆனால் இந்த ஒன்றை மட்டும் அவன் கணக்கில் வரவு வைக்காதீர்கள். பெண்பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் என்ற முறையில் கேட்கிறேன், உங்கள் தங்கை இருக்கிற இடத்தில் இந்தப் பேச்சு வேண்டாம்.

மாலை வகுப்புப் பிள்ளை, 10 வயது: பத்துத் தலை இருந்தால் இராவணன் எப்படி ஒருக்களித்துப் படுப்பான்?

கண்ணு, இந்தக் கேள்விக்கு வால்மீகியே பதில் வைத்திருக்கிறார். இராத்திரி இலங்கைக்குள் நுழைந்த அனுமன், தூங்குகிற இராவணனைப் பார்க்கிறான். அந்த இடத்தில் இரண்டு கைகளைப் பற்றித்தான் பேச்சு. ஐராவத யானை தந்தத்தால் குத்திய வடு, இந்திரனின் வஜ்ராயுதம் பட்ட வடு, எல்லாம் அந்தக் கைகளிலும் தோளிலும் தெரிகின்றன. பக்கத்தில் ஒரு பெண் வீணையைக் கட்டிக்கொண்டே தூங்கிப்போயிருக்கிறாள். சண்டைக்கும் சபைக்கும் போகிறபோதுதான் பத்துத் தலை, வீட்டில் ஒரு தலை என்று பழைய உரைக்காரர்கள் சொல்வார்கள். ஆகவே உன்னையும் என்னையும் போலத்தான் படுத்திருப்பான்.

வாசகர், யாங்கோன்: "கடன் பட்டார் நெஞ்சம் போல் கலங்கினான் இலங்கை வேந்தன்" என்பது கம்பராமாயணத்தில் எந்தப் படலம்?

எந்தப் படலத்திலும் இல்லை. முகலான் தெருவில் செட்டியார்கள் கிட்டங்கி வைத்து வட்டித் தொழில் செய்த இந்த ஊரில் அந்த வரி எல்லார் வாயிலும் ஏறியிருப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் அது கம்பன் பாட்டு இல்லை.

தமிழாசிரியர், மோல்மீன்: கம்பனுக்கு முன்னால் தமிழில் இராவணன் உண்டா? சங்கப் பாட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். விவரமாக எழுத வேண்டும்.

உண்டு ஐயா, இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன்.

புறநானூறு 378ஆம் பாட்டு, ஊன்பொதி பசுங்குடையார் பாடியது. சோழன் இளஞ்சேட்சென்னியிடம் பரிசில் வாங்கப் போன கூட்டத்துக்கு அவன் அள்ளிக் கொடுத்துவிடுகிறான். வறுமையில் கிடந்தவர்கள், நகையைக் கண்டதே இல்லை. விரலில் போடுவதைக் காதில் மாட்டுகிறார்கள், காதில் போடுவதை விரலில் மாட்டுகிறார்கள், அரையில் கட்டுவது கழுத்துக்குப் போகிறது. "வலித்த கை அரக்கன்" சீதையைக் கவர்ந்துகொண்டு போனபோது அவள் கழற்றிப் போட்ட நகைகளை எடுத்துக் குரங்குக் கூட்டம் அணிந்துகொண்டதுபோல இருந்தது என்கிறார் புலவர். பெயர்கூடச் சொல்லவில்லை. அரக்கன் என்றாலே கேட்பவர்களுக்குப் புரிந்திருக்கிறது. அப்படியானால் இந்தக் கதை அப்போதே நம் ஊரில் எவ்வளவு புழங்கியிருக்க வேண்டும்!

அதைவிடப் பெரிய இடம் கலித்தொகை 38, கபிலர் பாட்டு. தலைவியின் தோழி தலைவனிடம் பேசுகிறாள். அவன் நாட்டு மலையில் நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறாள். வேங்கை மரம் பூத்து நிற்கிறது. மஞ்சள் பூவும் கரிய கிளையுமாகப் பார்த்தால் புலி மாதிரியே இருக்கிறது. மதயானை ஒன்று வருகிறது. புலி என்று எண்ணிக் கோபம் கொண்டு மரத்தின் அடியில் ஓங்கிக் குத்துகிறது. தந்தம் ஆழப் பதிந்துவிட்டது. இழுத்தால் வரவில்லை. மலைப் பிளவெல்லாம் எதிரொலிக்க அலறிக்கொண்டு நிற்கிறது.

இதற்கு உவமையாகத்தான் இராவணன் வருகிறான். இமயத்தை வில்லாக வளைத்தவன் உமையோடு உயர்ந்த மலையில் இருக்கிறான். "ஐயிரு தலையின் அரக்கர் கோமான்" தொடி அணிந்த பெரிய கையை மலைக்கு அடியில் கொடுத்தான். எடுக்கவும் முடியவில்லை, கையை உருவவும் முடியவில்லை, தவிக்கிறான். அந்த யானையும் அப்படித் தவித்தது.

யானைக்கும் இராவணனுக்கும் உள்ள பொருத்தம் வலிமையில் மட்டும் இல்லை. யானை குத்தியது புலியை இல்லை, பூத்த மரத்தை. பகை இல்லாத இடத்தில் பகையைப் பார்த்தது. கயிலை மலை இராவணனுக்கு என்ன கெடுதல் செய்தது? புஷ்பக விமானம் அதைத் தாண்டிப் போகவில்லை, நந்தி தடுத்தார், அவ்வளவுதான். உத்தர காண்டத்தில் அந்தக் கோபத்தில்தான் மலைக்கு அடியில் கையைக் கொடுக்கிறான். கபிலர் அவனைத் திட்டவில்லை, நல்லவன் என்றும் சொல்லவில்லை. மாட்டிக்கொண்ட பெரிய விலங்கின் வலியை நமக்குக் கேட்கும்படி செய்துவிட்டு, தலைவியின் துயரத்துக்குப் போய்விடுகிறார். இராவணனைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட எல்லாவற்றிலும் எனக்கு இதற்கு மேல் ஒன்று இல்லை. உங்கள் பிள்ளைகளுக்கு முதலில் யானையைச் சொல்லுங்கள், அப்புறம் அரக்கர் கோமானிடம் வாருங்கள். பாட்டு தானாக மனப்பாடம் ஆகும்.

பெரியவர், தாட்டோன்: அம்மா, எங்கள் ஊர் டீக்கடையில் ஐம்பது வருடமாகத் தீராத வழக்கு இது. இராவணன் தமிழனா, இல்லையா?

ஐயா, எங்கள் அப்பா உட்கார்ந்த டீக்கடையிலும் இதே வழக்குதான். 1954 டிசம்பரில் உலக பௌத்த மாநாட்டுக்காகப் பெரியார் ரங்கூனுக்கு வந்தார். அம்பேத்கரும் அதற்கு வந்திருந்தார், இருவரும் இங்கே சந்தித்துப் பேசினார்கள். அந்த வருகைக்குப் பிறகு இராவணன் பேச்சு இங்கே இன்னும் சூடு பிடித்தது என்று அப்பா சொல்வார். அதற்குள் தமிழ்நாட்டில் புலவர் குழந்தை 1946இல் இராவணனையே தலைவனாக வைத்து ஒரு காவியம் எழுதிவிட்டார். 1948இல் அரசு அதற்குத் தடை போட்டது, 1971இல்தான் தடை நீங்கியது. ஒரு நூலை 23 வருடம் பூட்டி வைக்கும் அளவுக்கு இந்தக் கேள்வி கனமானது.

பழைய ஏடுகளில் இருப்பதை மட்டும் சொல்கிறேன். வால்மீகியில் அவன் புலஸ்திய முனிவரின் பேரன், விச்ரவசின் மகன். தாய் கைகசி அரக்கர் குலம். குபேரன் அவனுக்கு மாற்றாந்தாய் மகன், அண்ணன். இலங்கையும் புஷ்பக விமானமும் இவன் கைக்கு வருமுன் குபேரனிடம் இருந்தவை. தந்தை வழியில் பார்த்தால் அந்தணன். அதனால்தான் அவனைக் கொன்ற இராமனுக்குப் பிரமஹத்தி பிடித்தது என்றும், அது தீர இராமேஸ்வரத்தில் லிங்கம் வைத்து வணங்கினான் என்றும் தல புராணம் சொல்கிறது. வீரனைக் கொன்ற தோஷம் வேதாரண்யத்திலும், சாயாஹத்தி என்ற தோஷம் பட்டீஸ்வரத்திலும் தீர்ந்ததாகச் சொல்வார்கள். ஒருவனைக் கொன்றதற்கு மூன்று ஊரில் கழுவாய்!

தமிழ் மண்ணோடு அவனுக்கு உள்ள தொடர்பு வேறு மாதிரி. தொல்காப்பியப் பாயிர உரையில் நச்சினார்க்கினியர் ஒரு கதை சொல்கிறார். தென்னாட்டுக்கு வந்த அகத்தியர் இராவணனை இசையால் கட்டி, அரக்கர்கள் இங்கே நடமாடாதபடி விலக்கினார் என்று. கொடியில் வீணையை வைத்தவனை வாளால் வெல்ல முடியாது, இசையால்தான் வெல்லலாம் என்று நினைத்திருக்கிறார்களே, அது எனக்கு மிகவும் பிடிக்கும். காளிதாசர் ரகுவம்சத்தில் வேறு ஒன்று சொல்கிறார். இந்திரலோகத்தின்மேல் படையெடுக்கக் கிளம்பிய இராவணன், போகும் முன் பாண்டியனோடு சமாதானம் செய்துகொண்டு போனானாம். தான் ஊரில் இல்லாத நேரத்தில் பாண்டியன் புகுந்துவிடுவானோ என்ற பயம். இந்திரனுக்கு அஞ்சாதவன் பாண்டியனுக்கு அஞ்சினான்.

இந்தக் கதைகளில் அவன் நமக்குப் பக்கத்து நாட்டு ராஜா. பழக்கம் உண்டு, பகையும் உண்டு, உறவு சொல்லவில்லை. உறவு கொண்டாடியது 20ஆம் நூற்றாண்டு. அதற்கு அந்தக் காலத்தில் காரணம் இருந்தது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பழைய ஏட்டில் அப்படி இருக்கிறது என்று டீக்கடையில் யாராவது சத்தியம் செய்தால், இல்லை என்று சொல்லுங்கள்.

பாட்டி ஒருவர், பீலிக்கான் திருவிழாவில் என் கையில் கொடுத்த கடிதம்: வெள்ளிக்கிழமை கோயிலில் தேவாரம் படிக்கிறோம். "இராவணன் மேலது நீறு" என்று வந்ததும் பேரன், "சாமி பாட்டில் இராவணன் எதுக்கு ஆத்தா?" என்று கேட்கிறான். நான் என்ன சொல்ல?

உங்கள் பேரன் நல்ல இடத்தில் நிறுத்தியிருக்கிறான், அம்மா. அது திருஞானசம்பந்தர் மதுரையில் பாண்டியனுடைய வெப்பு நோய் தீரப் பாடிய திருநீற்றுப் பதிகம், எட்டாவது பாட்டு. சம்பந்தர் பதிகங்களைப் புரட்டிப் பாருங்கள். எட்டாவது பாட்டு என்றால் பெரும்பாலும் இராவணன் வந்துவிடுவான். அப்பரோ பல பதிகங்களைக் கடைசிப் பாட்டில் அவனை வைத்துத்தான் முடிக்கிறார். சிவனடியார்கள் இத்தனை தடவை நினைத்த அரக்கன் வேறு யாரும் இல்லை.

காரணம் இதுதான். மலையைத் தூக்கினான், இறைவன் கால் விரலை ஊன்றினார், நசுங்கினான். அதோடு கதை முடிந்திருந்தால் பாட வேண்டியதே இல்லை. நசுங்கிக் கிடந்தவன் சாம கானம் பாடினான். இறைவன் அதைக் கேட்டு மனமிரங்கி விரலை எடுத்து, வாளும் கொடுத்து அனுப்பினார். இவ்வளவு செருக்கோடு வந்தவனுக்கே இந்த அருள் கிடைத்தது என்றால் நமக்குக் கிடைக்காதா என்பதுதான் சம்பந்தர் நினைப்பு. பேரனிடம் இப்படியே சொல்லுங்கள். தமிழ்நாட்டுச் சிவன் கோயில்களில் திருவிழாவின்போது சுவாமி கயிலாய வாகனத்தில் வருவார். மேலே மலை, அதில் சுவாமி, அடியில் பத்துத் தலையோடு தூக்கிக்கொண்டு இராவணன். தண்டனையாகத் தொடங்கியது வாகனம் சுமக்கிற வேலையாக முடிந்திருக்கிறது. எல்லோரா கைலாசநாதர் கோயிலிலும் இதே காட்சியைப் பாறையில் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

அவனுக்கே கோயில் உண்டா என்று வேறு இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். வடக்கே உண்டு. கான்பூரில் இருக்கும் தசானன் கோயில் வருடத்தில் தசரா அன்று மட்டும் திறக்கும். நொய்டா பக்கத்தில் பிஸ்ரக் என்ற ஊர்க்காரர்கள் அவன் பிறந்த ஊர் என்று சொல்லி அவன் பொம்மையை எரிக்க மாட்டார்கள். மத்தியப் பிரதேசத்து மந்த்சௌரில் மண்டோதரி பிறந்த வீடு என்பதால் அவன் மாப்பிள்ளை.

வாசகி, யாங்கோன்: சாகக் கிடந்த இராவணனிடம் இலக்குவன் அரசியல் பாடம் கேட்டது எந்த நூலில்? இலக்குவன் கோடு?

இரண்டுமே வால்மீகியில் இல்லை, கம்பனிலும் இல்லை. பின்னால் வந்த கதைகளில் சேர்ந்தவை. வால்மீகியில் இருப்பது வேறு, அதுதான் எனக்குப் பெரிது. அண்ணனுக்குக் கொள்ளி வைக்க விபீஷணன் தயங்குகிறான். இராமன் சொல்கிறான்: பகை சாவோடு முடிந்தது, இனி அவன் உனக்கு எப்படியோ எனக்கும் அப்படியே, செய்ய வேண்டியதைச் செய்.

கோயில் நாடகக் குழுவைச் சேர்ந்த ஒருவர்: ஆண்டு விழாவுக்கு ராமாயண நாடகம் போடுகிறோம். இராவணன் வேஷத்துக்கு எந்தத் தாயும் பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்கிறாள். வசனத்தையும் "ஹா ஹா ஹா" என்று சிரிப்பதோடு முடித்துவிடலாமா என்று யோசிக்கிறோம்.

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் குழுவில் தமிழ் உச்சரிப்பு நன்றாக இருக்கிற, பாடவும் தெரிந்த பிள்ளை யாரோ அவனுக்கு இந்த வேஷத்தைக் கொடுங்கள். தாய்மார்கள் தயங்கினால் என்னிடம் அனுப்புங்கள், நான் பேசுகிறேன். பர்மிய ஆட்டக்காரர்கள் தத்தகிரி முகமூடியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மாட்டிக்கொள்கிற ஊரில், நம் பிள்ளைக்கு அந்த வேஷத்தால் எந்தக் குறையும் வராது.

சிரிப்பைக் குறைத்து, முதல் நாள் போரில் தோற்றுத் திரும்பும் காட்சியை வையுங்கள். ஆயுதமெல்லாம் இழந்து நிற்பவனை இராமன் "இன்று போய், போர்க்கு நாளை வா" என்று அனுப்பிவிட்டான். கும்பகர்ணன் வதைப் படலத்தின் முதல் பாட்டு:

வாரணம் பொருத மார்பும், வரையினை எடுத்த தோளும்,
நாரத முனிவற்கு ஏற்ப நயம்பட உரைத்த நாவும்,
தார் அணி மவுலி பத்தும், சங்கரன் கொடுத்த வாளும்,
வீரமும் களத்தே போட்டு வெறுங்கையோடு இலங்கை புக்கான்.

அவனிடம் இருந்த பெருமை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கம்பன் போர்க்களத்தில் கீழே வைக்கிறான். திசை யானைகளோடு மோதிய மார்பு, கயிலையைத் தூக்கிய தோள், நாரதரே கேட்டு மகிழப் பாடிய நாக்கு. கடைசியில் வைப்பது வீரம். பையனை மேடையில் மெதுவாக நடக்க விடுங்கள். ஊரைப் பார்க்க மாட்டான், எதிரே வரும் பிள்ளைகளைப் பார்க்க மாட்டான், படையைப் பார்க்க மாட்டான், தரையைப் பார்த்துக்கொண்டே நடப்பான். கம்பன் அப்படித்தான் எழுதியிருக்கிறான். வானமும் மண்ணும் சிரிக்கும் என்றுகூட அவனுக்கு வெட்கம் இல்லை, சானகி சிரிப்பாளே என்றுதான் வெட்கம். இதைப் பையனுக்கு நன்றாகப் புரியும்படி சொல்லிக் கொடுத்துவிட்டால் முகம் தானாக மாறும், யாரும் நடிக்கச் சொல்ல வேண்டாம்.

மண்டோதரி வேஷத்துக்கு ஒரு பெண்பிள்ளையைப் போட்டு, "வெள்ளெருக்கஞ் சடைமுடியான்" என்று தொடங்கும் புலம்பலையும் சேருங்கள். எள் வைக்க இடமில்லாமல் உடம்பெல்லாம் அம்பு துளைத்திருக்கிறதே, உள்ளே சானகியை ஒளித்து வைத்த காதல் எங்கே இருக்கிறது என்று தேடித் தடவியதோ அந்த அம்பு என்று அவள் கேட்பாள். இரண்டு பாட்டையும் சந்தி பிரித்து எழுதி உங்களுக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். "புக்கான்" என்பதைப் பிள்ளைகள் "புகான்" என்று இழுத்துவிடுவார்கள், அதை மட்டும் ஒத்திகையில் கவனித்துக்கொள்ளுங்கள்.